முதல் நாள் செய்தி: காவல்துறை வன்முறைக்குப் பெயர் வைக்கும் சொற்கள்



நினைவுப் பேருரை மேடையில் மறைந்தவரைப் போற்றுவது வழக்கம். அதோடு, எவையெல்லாம் நம் நினைவிலிருந்து மெல்ல அகற்றப்படுகின்றன என்று பார்ப்பதும் இந்த மேடையின் வேலை என்று கருதுகிறேன். நான் எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி எளியது. காவல்துறை அடிக்கிறது, சுடுகிறது, காவலில் ஒருவர் இறந்துபோகிறார். அந்த நிகழ்வுக்குப் பெயர் வைப்பது யார்? வைத்த பெயர் எத்தனை ஆண்டுகள் நிற்கிறது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிகழ்வு நடந்த மறுநாள் காலையில் வரும் செய்தியின் ஒன்றிரண்டு சொற்கள்தான் அந்தப் பெயரை வைக்கின்றன. அந்தச் சொற்கள் பெரும்பாலும் காவல்நிலையத்தில் பிறந்து, செய்தித்தாளில் வளர்ந்து, விசாரணை ஆணையத்தில் முதிர்ந்து, கடைசியில் வரலாறாக உட்கார்ந்துகொள்கின்றன. ஆகவே அந்தச் சொற்களின் வரலாற்றைத்தான் இன்று பேசப்போகிறேன். நம் மாவட்டத்தில் தொடங்கி, தெற்கே போய், மறுபடி நம் மாவட்டத்துக்கு வருவோம்.

1. "வடமாநிலத்தவர்"

2025 செப்டம்பர் தொடக்கத்தில் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், உத்தரப் பிரதேசத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு தொழிலாளி, தங்கியிருந்த குடியிருப்பில் தவறி விழுந்து இறந்தார். இழப்பீடு கேட்டு நூற்றுக்கணக்கான சக தொழிலாளர்கள் திரண்டார்கள். பேச்சுவார்த்தை நீண்டது. கல்வீச்சு நடந்தது. காவலர்கள் காயமடைந்தார்கள். காவல்துறை தடியடி நடத்திக் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசியது. பல தொழிலாளர்கள் கைது செய்யப்பட்டார்கள்.

நிகழ்ந்த வரிசை இது: முதலில் சாவு, அடுத்து கோரிக்கை, அதன்பின் கல், அதன்பின் தடி. நம் காதுக்கு வந்த வரிசை வேறு. முதலில் "வடமாநிலத் தொழிலாளர்கள்", அடுத்து "கல்வீச்சு", அடுத்து "போலீசார் காயம்". இறந்தவர் செய்தியின் கடைசிப் பத்திக்குப் போய்விட்டார். தொழிலாளியின் மரணம் தனியாக நின்றிருந்தால் செய்தியாகியிருக்குமா என்பதே சந்தேகம். கல் விழுந்த பிறகுதான் அது செய்தியானது.

கல் எறிந்ததை நான் நியாயப்படுத்த வரவில்லை. காயம்பட்ட காவலருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் கேட்கப்படாத கேள்விகளைப் பாருங்கள். அந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள்? அவர் யாருடைய ஊழியர், நிறுவனத்தின் ஊழியரா, ஒப்பந்ததாரரின் ஆளா? ஒப்பந்ததாரருக்கு மேலே இன்னொரு ஒப்பந்ததாரர் உண்டா? தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. நூறு ஆண்டு கடந்த பிறகும், ஒரு சாவுக்கு இழப்பீடு கேட்பது சட்டம் தந்த உரிமை என்பது செய்தியில் வராமல், கூட்டம் கூடியது மட்டும் வருகிறது.

"வடமாநிலத்தவர்" என்பது ஒரு திசையைக் குறிக்கும் சொல். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காட்டுப்பள்ளியிலும் அது ஒரு சந்தேகத்தைக் குறிக்கும் சொல்லாக மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் நம் பெயருக்குப் பின்னால் "சேரி" என்ற சொல் நின்று செய்த அதே வேலையை இது செய்கிறது. இந்த ஒற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

2. ஒரு வாயிலிருந்து வரும் செய்தி

முதல் நாள் செய்தி எப்படி உருவாகிறது? மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வட்டார நிருபர்கள் பலருக்கு முறையான மாதச் சம்பளம் இல்லை. மதிப்பூதியமும் விளம்பரம் பிடித்துத் தந்தால் கிடைக்கும் கழிவும்தான் வருமானம். அவருக்குத் தினமும் செய்தி வேண்டும். தினமும் செய்தி தரக்கூடிய ஒரே அலுவலகம் காவல்நிலையம். திருட்டு, விபத்து, கஞ்சா, கைது எல்லாம் படத்தோடு, பெயரோடு, வயதோடு, சட்டப் பிரிவு எண்ணோடு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். அந்த உறவு கெட்டால் நாளைய செய்தி நின்றுபோகும். இதைத் தனி நபர்களின் குற்றமாக நான் சொல்லவில்லை. ஏற்பாடே அப்படி.

இரவு பதிப்பு முடியும் நேரத்தில் காவல்துறையின் தரப்பு முழுமையாக, ஒழுங்காகத் தயாராக இருக்கும். அடிபட்டவர் தரப்பு அப்போது எங்கே இருக்கும்? மருத்துவமனையில் இருக்கும், லாக்கப்பில் இருக்கும், இல்லையென்றால் பயந்து சவுக்குத் தோப்புக்குள் ஒளிந்திருக்கும். செய்தி ஒரே வாயிலிருந்து வருவதற்கு இதுதான் காரணம். ஸ்டூவர்ட் ஹாலும் அவருடைய நண்பர்களும் 1978இல் இங்கிலாந்தை ஆராய்ந்து எழுதிய 'போலீசிங் த கிரைசிஸ்' என்ற நூல், அதிகாரத்தில் இருப்பவரே ஒரு நிகழ்வை முதலில் வரையறுக்கிறார், மற்றவர்கள் அந்த வரையறைக்குள் நின்றுதான் மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது என்று விளக்கியது. "நாங்கள் கலவரம் செய்யவில்லை" என்று நாம் சொல்லத் தொடங்கும்போதே "கலவரம்" என்ற சொல்லை ஏற்றுக்கொண்டுதான் பேசுகிறோம்.

இந்தச் செய்திக்கென்று ஓர் இலக்கணமும் இருக்கிறது. "துப்பாக்கிச்சூட்டில் மூவர் பலி" என்ற வாக்கியத்தில் சுட்டவர் இல்லை. "லேசான தடியடி" என்பதில் தடிதான் லேசானது. மண்டை உடைந்ததை அது சொல்வதில்லை. "பாத்ரூமில் வழுக்கி விழுந்து" கையொடிந்த கைதியின் "மாவுக்கட்டு" படம் நகைச்சுவையாகப் பகிரப்படுகிறது. காவலில் இருந்த மனிதனின் எலும்பு முறிந்ததைப் பார்த்து ஊரே சிரிக்கப் பழகியிருக்கிறது. சிரிப்பவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. அந்தக் கட்டுப்போட்ட கை யார் வீட்டுக் கை என்று அவர்கள் பார்ப்பதில்லை.

அடுத்த கண்ணி முதல் தகவல் அறிக்கை. காவலரே புகார்தாரர், அடிபட்டவர் முதல் எதிரி. செய்தித்தாள் அந்த அறிக்கையிலிருந்து எழுதுகிறது. பின்னால் ஆணையம் உட்காரும்போது அந்தச் செய்தியும் ஆவணமாக வந்து சேர்கிறது. ஒரே கூற்று மூன்று இடங்களில் மூன்று சாட்சிகளைப் போல நிற்கிறது.

3. "தேடுதல்", "மூழ்குதல்"

இந்த ஏற்பாடு நம் மக்களின் வரலாற்றில் என்ன செய்திருக்கிறது என்று பார்க்கத் தெற்கே போவோம்.

1995 ஆகஸ்ட் 31. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக் கொடியன்குளம். தேவேந்திரகுல வேளாளர் வாழும் ஊர். வளைகுடா நாடுகளில் உழைத்து வந்த பணத்தில் கொஞ்சம் தலைநிமிர்ந்த ஊர். நூற்றுக்கணக்கான காவலர்கள் உள்ளே நுழைந்தார்கள். கொலை வழக்கில் தேடப்படுபவர்களைப் பிடிக்கப் போனோம் என்பது காவல்துறையின் கூற்று. தொலைக்காட்சிப் பெட்டிகளும் வீட்டுச் சாமான்களும் உடைக்கப்பட்டன. பாஸ்போர்ட்டுகளும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் அழிக்கப்பட்டன. குடிநீர்க் கிணறு நஞ்சாக்கப்பட்டது. 1999இல் வெளியான மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் அறிக்கையில் இது பதிவாகியிருக்கிறது.

"தேடுதல்" என்பதுதான் அந்த நாளின் சொல். ஒளிந்திருக்கும் ஆளைத் தேடுபவர் கட்டிலுக்கு அடியில் பார்ப்பார், பரணில் பார்ப்பார். பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குள் எவரும் ஒளிந்திருக்க முடியாது. அழிக்கப்பட்டவற்றின் பட்டியலைப் பார்த்தாலே நோக்கம் தெரியும். அந்த ஊரை முன்னேற்றிய பொருள்கள் எவையோ அவைதான் குறிவைக்கப்பட்டன. "தேடுதல்" என்ற சொல்லுக்குள் இந்தப் பட்டியலுக்கு இடம் கிடையாது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வும், சிறையிலிருந்த தொழிலாளர்களுக்கு விடுதலையும் கேட்டு, டாக்டர் கிருஷ்ணசாமி தலைமையிலான புதிய தமிழகமும் தோழமைக் கட்சிகளும் திருநெல்வேலியில் பேரணி நடத்தின. கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அருகே பேரணி தடுக்கப்பட்டது. தடியடி நடந்தது. ஒரு பக்கம் காவல்துறை, மறுபக்கம் தாமிரபரணி. ஓடியவர்கள் ஆற்றில் இறங்கினார்கள். 17 பேர் இறந்தார்கள். அவர்களில் பெண்கள் உண்டு, ஒரு கைக்குழந்தையும் உண்டு.

"மூழ்கி இறந்தார்கள்." அரசுத் தரப்பு பிடித்துக்கொண்ட சொல் இது. மூழ்குவது என்ற வினைக்கு இன்னொருவர் தேவையில்லை. ஆறு இழுத்தது, நீச்சல் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆற்றுக்குள் அவர்களை விரட்டியது எது, கரையேற விடாமல் தடுத்தது எது என்ற கேள்விகள் அந்த வினைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. நீதிபதி மோகன் ஆணையம் அமைக்கப்பட்டது. காவல்துறையின் நடவடிக்கையை அது நியாயப்படுத்தியது.

ஆனால் அன்று ஆற்றங்கரையில் கேமராக்கள் இருந்தன. தண்ணீரில் நின்றவர்கள் மீது தடி விழுவதை அவை பதிவு செய்தன. ஆர்.ஆர்.சீனிவாசன் 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். அது சின்னத் திரைகளில், கல்லூரி அறைகளில், ஊர் மந்தைகளில் போட்டுக் காட்டப்பட்டது. ஆணையத்தின் முடிவை அந்தப் படத்தால் மாற்ற முடியவில்லை. ஆனால் இன்று தாமிரபரணிப் படுகொலை என்றுதான் நாம் சொல்கிறோம். மூழ்கிய சம்பவம் என்று எவரும் சொல்வதில்லை. ஒரு சொல்லை மாற்றுவதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதற்கு அந்தப் படம் ஓர் அளவுகோல்.

4. "கலவரம்"

2011 செப்டம்பர் 11. பரமக்குடி. 1957இல் அதே நாளில் கொல்லப்பட்ட தியாகி இம்மானுவேல் சேகரனின் நினைவிடத்துக்கு மக்கள் வரும் நாள். இரண்டு நாள் முன்னதாகப் பள்ளபச்சேரியில் ஒரு பள்ளி மாணவன் கொல்லப்பட்டிருந்தான். அஞ்சலி செலுத்த வந்துகொண்டிருந்த ஜான் பாண்டியன் வழியில் வல்லநாட்டில் தடுத்து வைக்கப்பட்டார். செய்தி பரவி ஐந்துமுனைச் சந்திப்பில் மக்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். தடியடி, துப்பாக்கிச்சூடு. ஆறு பேர் இறந்தார்கள்.

அந்தச் சாலையில் இரண்டு தரப்புகள்தான் இருந்தன: காவல்துறை ஒன்று, தலித் மக்கள் மற்றொன்று. வேறு எந்தச் சாதிக்கூட்டமும் அங்கே வந்து மோதவில்லை. ஆனாலும் "சாதிக் கலவரம்" என்ற சொல் நாளெல்லாம் புழங்கியது. சட்டமன்றத்தில் முதலமைச்சர் அளித்த விளக்கம், முத்துராமலிங்கத் தேவரை இழிவுபடுத்தியதாகச் சொல்லப்பட்ட ஒரு சுவரெழுத்திலிருந்து கதையைத் தொடங்கியது. கதையை எங்கே தொடங்குகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. சுவரெழுத்தில் தொடங்கினால் குற்றவாளிகள் ஏற்கெனவே தயார். மாணவனின் கொலையில் தொடங்கினால் வேறு கதை. வல்லநாட்டுத் தடுப்பில் தொடங்கினால் இன்னொரு கதை.

"கலவரம்" என்ற சொல்லுக்கு ஒரு வசதி உண்டு. அதில் எல்லோரும் பங்காளிகள். சுட்டவரும் சுடப்பட்டவரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள். நீதிபதி சம்பத் ஆணையம் துப்பாக்கிச்சூடு நியாயமானது என்று சொன்னது. மதுரையிலிருந்து வந்த உண்மை அறியும் குழுக்களும் மனித உரிமை அமைப்புகளும் எழுதிய அறிக்கைகள் வேறு படத்தைக் காட்டின. அவற்றைப் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். முதல் நாள் செய்தியைப் படித்தவர்கள் கோடிக்கணக்கானவர்கள்.

5. செய்தியே ஆகாத பலம்

தடியும் துப்பாக்கியும் இருந்தால்தான் பலப்பிரயோகம் என்று நினைத்துவிடக் கூடாது. இதே ஆண்டுகளில் நம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய்க் கண்டிகை இருந்தது. தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். ஆடுமாடு மேய்ந்த, விறகு பொறுக்கிய ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பொது நிலம் சிப்காட்டுக்குப் போனது. பிரெஞ்சு நிறுவனமான மிச்செலின் டயர் தொழிற்சாலை வந்தது. மக்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், மறித்தார்கள், கைதானார்கள். வழக்குகள் விழுந்தன. 2012இல் ஊர்ச் சங்கமும் பிரான்சின் தொழிற்சங்க, தொண்டு அமைப்புகளும் சேர்ந்து, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் விதிகளின்படி பிரான்சிலேயே முறையீடு தாக்கல் செய்தன.

ஒரு கிராமத்தின் குரல் பாரிஸ்வரை போயிற்று. சென்னையில் அது எத்தனை பேருக்குத் தெரியும்? நாளிதழின் பக்கப் பிரிப்பில் இதற்கு விடை இருக்கிறது. தொழிற்சாலை வருவது வணிகப் பக்கத்துக்கு உரிய செய்தி. அதற்காக நடக்கும் கைது வட்டாரப் பக்கத்துக்கு உரிய செய்தி. கோவையில் இருப்பவர் முதலாவதைப் படிப்பார், இரண்டாவது அவர் பதிப்பிலேயே இருக்காது. பொய் எதுவும் எழுதாமலே ஒரு போராட்டத்தைக் காணாமல் ஆக்கிவிட முடியும்.

6. "சமூக விரோதிகள்"

2018 மே 22 வேறு விதமானது. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். வேனின் மேல் ஏறி நின்று குறிபார்க்கும் காவலரை நாடே பார்த்தது. தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. படம் வெளியே போவதைத் தடுப்பது எவ்வளவு அவசரமாகத் தோன்றியிருக்கிறது என்பதை அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, மற்றவர்களைப் போலத் தானும் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். சில நாள் கழித்து நடிகர் ரஜினிகாந்த், போராட்டத்துக்குள் சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்றார். நேரலையில் வந்த கேமராக்கள் அந்தச் சொல்லுக்குப் பின்னால் பல நாள் ஓடின.

நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. காவல்துறை வரம்பு மீறியது, தப்பி ஓடியவர்கள் மீது சுட்டது என்று அது சொன்னது. 17 காவல்துறையினர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. தொலைக்காட்சி பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்ற கூற்றையும் அது ஏற்கவில்லை. அதிகாரிகள் முதலமைச்சருக்கு அவ்வப்போது தெரிவித்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்றது. ஆனால் இந்த உண்மை வந்து சேர நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. முதல் நாள் செய்தி ஒரே இரவில் வந்துவிடுகிறது.

உலகம் முழுவதும் இதே கணக்குத்தான். 1989 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் சிக்கியவர்களில் 97 பேர் மாண்டார்கள். நான்காம் நாள் 'தி சன்' நாளிதழ் ரசிகர்கள்மீது பழிபோட்டு முதல் பக்கத்தை நிரப்பியது. அவர்கள் மீது தவறில்லை என்று விசாரணை மன்றம் சொன்னது 2016இல். 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தபோது, காவல்துறையின் முதல் அறிக்கை அதை உடல்நலக் கோளாறால் நேர்ந்த மரணம்போல எழுதியது. பதினேழு வயதுப் பெண் கைபேசியில் எடுத்த படம் இல்லையென்றால் அந்த அறிக்கைதான் வரலாறாக இருந்திருக்கும்.

7. "ஊமைக்காயம்", "வலிப்பு"

உடல்நலக் கோளாறு என்ற சொல் நமக்குப் புதிதல்ல. அதே ஆண்டு ஜூன் மாதம், சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவலில் அடிக்கப்பட்டு இறந்தார்கள். அவர்கள் தரையில் உருண்டு புரண்டதால் ஊமைக்காயம் ஏற்பட்டதாக முதல் தகவல் அறிக்கை சொன்னது. மூச்சுத்திணறல், உடல்நலக் குறைவு என்று முதலமைச்சரின் அறிக்கை சொன்னது. சுசித்ரா ஆங்கிலத்தில் பேசிய ஒரு காணொளி வெளியே போன பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது.

2022 ஏப்ரலில் சென்னை தலைமைச் செயலகக் காலனி காவல்நிலையத்தில் ஒரு தலித் இளைஞர் இறந்தார். மெரினாவில் குதிரை ஓட்டிப் பிழைத்தவர். வாந்தி, வலிப்பு என்றுதான் சட்டமன்றத்திலேயே விளக்கம் தரப்பட்டது. பிரேதப் பரிசோதனையில் 13 காயங்கள் வந்தன. வழக்கு கொலை வழக்காக மாறியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்தது. சாத்தான்குளத்தில் ஆண்ட கட்சி வேறு, சென்னையில் ஆண்ட கட்சி வேறு. காவல்நிலையத்திலிருந்து வந்த சொற்களை அப்படியே வாங்கி வாசித்ததில் வேறுபாடு இல்லை.

இன்னொரு வேறுபாட்டையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். சாத்தான்குளத்துக்குக் கிடைத்த கொதிப்பு நியாயமானது. அதில் பத்தில் ஒரு பங்காவது குதிரை ஓட்டிய அந்த இளைஞருக்குக் கிடைத்ததா? செங்கல் சூளையிலிருந்து திருட்டு வழக்குக்கு இழுத்துச் செல்லப்படும் இருளருக்குக் கிடைக்கிறதா? ஒரு சாவு செய்தியாவதற்கும் சாதி வேண்டியிருக்கிறது.

8. "தற்காப்பு"

இப்போது மறுபடி நம் மாவட்டத்துக்கு வருவோம். 2023 அக்டோபர் 12 அதிகாலையில் சோழவரம் அருகே கொலை வழக்கில் தேடப்பட்ட இருவரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். 2024 ஜூலை 5 அன்று பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய உடலை ஆவடிக்கு அருகே பொத்தூரில் அடக்கம் செய்தோம். அடுத்த ஒன்பதாம் நாள், ஜூலை 14, அந்த வழக்கில் கைதாகிக் காவலில் இருந்த ஒருவர் மாதவரம் அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயுதத்தை மீட்க அழைத்துப் போனோம், தப்பிக்கப் பார்த்தார், எங்களைச் சுட்டார், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை.

தோழர்களே, அன்று நம்மவர்களில் சிலருக்கும் மனத்துக்குள் ஓர் ஆறுதல் எழுந்திருக்கலாம். அந்த ஆறுதலைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். ஆம்ஸ்ட்ராங்கைக் கொல்லச் சொன்னது யார் என்று சொல்லக்கூடிய வாய்களில் ஒன்று அன்று மூடப்பட்டது. மத்தியப் புலனாய்வு விசாரணை வேண்டும் என்று அவருடைய கட்சி கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அது நடந்தது. கதை கேட்ட கதையாக இருக்கும்: அதிகாலை, ஆயுதம் மீட்பு, தாக்குதல், கையில் கட்டுடன் காவலர், தற்காப்பு. "ரவுடி" என்ற ஒரு சொல்லை முன்னால் வைத்துவிட்டால் பின்னால் எதையும் கேட்க வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. இன்று நம் எதிரியின் மீது ஒட்டிய அந்தச் சொல்லை நாளை நம் தெருப் பையன் மீது ஒட்ட ஒரு வரலாற்றுப் பதிவேடு போதும். வடசென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிவரை அந்தப் பதிவேடுகளில் யார் பெயர்கள் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் போலீஸ் மோதல் சாவுகளுக்கு 16 நெறிமுறைகளை வகுத்தது. வழக்குப் பதிவு வேண்டும், சம்பந்தப்படாத வேறு பிரிவு விசாரிக்கவேண்டும், நடுவர் விசாரணை வேண்டும், வீரம் சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவப்படும்வரை வீரப்பதக்கம் தரக்கூடாது என்றெல்லாம் அவை சொல்கின்றன. 2023 செப்டம்பர் 13 அன்று, காவல்துறை ஊடகங்களுக்கு எப்படித் தகவல் தரவேண்டும் என்பதற்கு மூன்று மாதத்தில் கையேடு தயாரிக்கும்படி ஒன்றிய உள்துறைக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சோழவரம் அதற்கு ஒரு மாதம் கழித்து நடந்தது. நடுவர் விசாரணையில் என்ன ஆயிற்று என்று இரண்டாம் மாதம், இரண்டாம் வருடம் கேட்டு எழுதும் வழக்கம் நம் செய்தித்தாள்களில் இல்லை. முதல் நாளோடு செய்தி முடிந்துவிடுகிறது.

9. நம்முடைய ஏடு

இதெல்லாம் தெரிந்த பிறகு என்ன செய்வது? நம் முன்னோர்கள் இந்தக் கேள்வியை நமக்கு முன்பே சந்தித்திருக்கிறார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அம்பேத்கர் 1920இல் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்று பொருள். மூவருமே அமைப்புகளையும் கட்டியவர்கள். மேடை இருந்தும் தனியாக ஏடு வேண்டும் என்று மூவரும் நினைத்ததற்குக் காரணம், ஒரு நிகழ்வுக்குப் பெயர் வைக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்ததுதான்.

இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் கைபேசி இருக்கிறது. ஆனால் கைபேசி மட்டும் ஏடு ஆகிவிடாது. பரவிய படம் மூன்று நாளில் அமுங்கிவிடும். தாமிரபரணியும் தூத்துக்குடியும் நமக்குக் கற்றுத் தந்தது, படம் ஆவணமாக மாறினால்தான் நிற்கும் என்பது. அதற்குச் சில நடைமுறை வேலைகள் உண்டு.

படத்தின் மூலக் கோப்பை வெட்டாமல், வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருக்காமல், நேரத்தோடும் இடத்தோடும் இரண்டு இடங்களில் சேமியுங்கள். அடிபட்டவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், எப்படிக் காயம் ஏற்பட்டது என்பதை விபத்துப் பதிவேட்டில் அவர் சொன்னபடியே எழுதவையுங்கள், நகல் வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கையைப் பெரும்பாலான வழக்குகளில் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றவேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவு. அதை எடுத்து, மறுநாள் நாளிதழோடு வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். ஒரே வாக்கியம் இரண்டிலும் இருந்தால் அடிக்கோடிடுங்கள். காவல் சாவு என்றால் பிரேதப் பரிசோதனை வீடியோ எடுக்கப்பட்டதா, நீதித்துறை நடுவர் வந்தாரா என்று எழுத்தில் கேளுங்கள். உண்மை அறியும் குழு பத்தாம் நாள் வருவதற்கு முன், உள்ளூர் மாணவர்கள் இரண்டாம் நாளே நேர வரிசைக் குறிப்பு ஒன்றை எழுதி வைத்துவிடவேண்டும். எது முதலில், எது பிறகு. காட்டுப்பள்ளியில் தொலைந்தது அந்த வரிசைதான்.

வட்டார நிருபரை எதிரியாகப் பார்க்க வேண்டாம். அவருக்கு இரண்டாவது வாய் ஒன்று தேவை. இரவு ஒன்பது மணிக்குள் பெயரோடும் எண்ணோடும் பேசக்கூடிய ஒருவர் நம் ஊரில் இருந்தால், மறுநாள் செய்தியில் ஒரு வரியாவது மாறும். அந்த ஒரு வரி பின்னால் ஆணையத்தில் நமக்குச் சாட்சி சொல்லும்.

கடைசியாக ஒன்று. காட்டுப்பள்ளியில் கைதானவர்களின் மொழி நம் மொழி அல்ல. அவர்களில் எத்தனையோ பேர் தலித்துகள், பழங்குடிகள், இஸ்லாமியர்கள். ஊரிலிருந்து வழக்குக்கு வர அவர்களின் குடும்பத்துக்கு ரயில் கட்டணமே பெரிய செலவு. இந்தத் தொழிற்பேட்டையில் அவர்களுக்காக முதல் தகவல் அறிக்கையைப் படித்துச் சொல்ல, வழக்கறிஞரிடம் கூட்டிப்போக, சாவுக்கு உரிய இழப்பீட்டு மனுவை எழுதித் தர ஆள் வேண்டும். கொடியன்குளத்துக்கும் பரமக்குடிக்கும் அன்று வெளியிலிருந்து சிலர் போய் உட்கார்ந்து கேட்டு எழுதினார்கள். அதனால்தான் இன்று நான் இங்கே நின்று இவ்வளவு சொல்ல முடிந்தது. கும்மிடிப்பூண்டியிலும் காட்டுப்பள்ளியிலும் அந்த வேலையை இனி நாம்தான் செய்யவேண்டும்.

ஜெய்பீம்.